வாய் தவறி வரும் சொற்களும் பதற்றமும்

வந்த கேள்வி இது: "எனக்கு 29 வயது. தனியார் நிறுவனத்தில் வேலை. நாலு மாதமாகப் பேசும்போது சொற்கள் மாறி மாறி வருகின்றன. அம்மாவிடம் 'சாவியில கதவைப் போட்டுட்டு வா' என்கிறேன். மீட்டிங்கில் 'அடுத்த வாரம் முடிச்சிருவேன்' என்பதற்குப் பதில் 'போன வாரம் முடிச்சிருவேன்' என்று சொல்லி எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அன்றிலிருந்து வாயைத் திறக்கவே பயமாக இருக்கிறது. இணையத்தில் தேடினால் மூளைக்கட்டி, பக்கவாதம் என்று வருகிறது. இது பதற்றத்தால் வருவதா, மூளையில் ஏதாவது கோளாறா?"

நான் 18 வருடங்களாகப் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்கள், திக்குவாய் உள்ளவர்கள், பேசத் தாமதமாகும் குழந்தைகள் எனப் பலரும் வருவார்கள். இவர்களோடு, நோய் என்று சொல்ல எதுவுமில்லாமல் தன் வாயையே நம்ப முடியாமல் போய் வந்து உட்காருகிறவர்களும் உண்டு. உங்கள் கேள்வியைப் படித்ததும் அவர்கள் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன. அவசரமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்புறம் நிதானமாகப் பேசலாம்.

மூளைக்கு ரத்தம் போவது தடைபட்டுப் பேச்சு குழறினால், அது மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வராது. திடீரென்று வரும். அரை மணி நேரத்துக்கு முன்பு வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று குழறுவார், அல்லது சம்பந்தமே இல்லாத சொற்களைச் சொல்வார், அல்லது நாம் சொல்வது அவருக்குப் புரியாது. பெரும்பாலும் கூடவே வாய் ஒரு பக்கம் கோணும், ஒரு கை தூக்க வராது, நடை தள்ளாடும். இப்படி யாருக்கு நடந்தாலும் சோடா கொடுத்துப் படுக்க வைக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் அன்றைக்கே டாக்டரைப் பார்த்தாக வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு, ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும்போதும் பேச்சு குழறிக் குழப்பம் வரும். அதையும் உடனே கவனிக்க வேண்டும்.

நீங்கள் எழுதியதில் இதற்கான அடையாளம் ஒன்றும் இல்லை. தவறாகச் சொன்ன அந்த நொடியே அது தவறு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. சரியான சொல் எது என்றும் தெரிந்திருக்கிறது. நாலு மாதம் கழித்தும் அந்த வாக்கியத்தை அப்படியே எழுத முடிகிறது. மூளையின் மொழிப் பகுதி பாதிக்கப்பட்டவர்களிடம் நான் பார்ப்பது வேறு. "தண்ணி" என்று கேட்க நினைத்துச் "செருப்பு" என்பார்கள். பல நேரம் தான் சொன்னது செருப்பு என்பதே அவர்களுக்குத் தெரியாது, நாம் ஏன் விழிக்கிறோம் என்று கோபப்படுவார்கள். எழுதச் சொன்னாலும் அதே தடுமாற்றம் இருக்கும். வீட்டில் பேசினாலும் வெளியே பேசினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பதற்றத்தோடு வருகிற தடுமாற்றம் ஆளையும் இடத்தையும் பார்த்துக் கூடும், குறையும்.

சரி, 'சாவியில கதவை' என்ற உங்கள் வாக்கியத்துக்கு வருவோம். கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது மிக அழகான தவறு. நீங்கள் சொல்ல வந்தது 'கதவுல சாவியை'. கதவும் சாவியும் இடம் மாறிவிட்டன. '-இல' என்ற உருபும் '-ஐ' என்ற உருபும் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. 'சாவியைக் கதவுல' என்று வரவில்லை. அப்படி வந்திருந்தால் அர்த்தமும் மாறியிருக்காது. தனிச் சொற்கள் மாறிப்போனாலும் வேற்றுமை உருபு தன் வரிசையில் ஆடாமல் நிற்கிறது.

இது எதைக் காட்டுகிறது? உங்கள் மூளை அந்த வாக்கியத்தின் சட்டகத்தை ஒழுங்காகக் கட்டி முடித்துவிட்டது. இங்கே ஒரு இடப்பொருள், இங்கே ஒரு செயப்படுபொருள், கடைசியில் வினை. தேவையான இரண்டு பெயர்ச்சொற்களையும் சரியாகவே எடுத்தும்விட்டது. சட்டகத்துக்குள் பொருத்தும்போது மட்டும் ஒன்றின் அறையில் இன்னொன்று போய் உட்கார்ந்துவிட்டது. விக்டோரியா ஃப்ராம்கின் என்ற அமெரிக்க மொழியியலாளர் ஆயிரக்கணக்கில் இப்படிப்பட்ட நாத்தவறுகளைச் சேகரித்தார். இவை தாறுமாறான உளறல் இல்லை, இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டே பிசகுகின்றன என்று 1971-இல் எழுதினார். அவரும் அவர் காலத்தில் மெரில் கேரட் என்ற ஆய்வாளரும் ஆங்கிலத்தில் காட்டிய அதே விஷயம்தான் உங்கள் வாக்கியத்தில் தமிழ் உருபுகளோடு நிற்கிறது. இலக்கணம் கலையாமல் பிசகுகிற பேச்சு, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அடையாளம்.

நாத்தவறுகளில் வகைகள் பல. 'தயிர் சாதம்' என்பது 'சயிர் தாதம்' ஆவது ஒரு வகை. முதல் ஒலிகள் மட்டும் கைமாறிவிடும். 'வேகமா', 'சீக்கிரமா' என்ற இரண்டும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து 'வேக்கிரமா' என்று வெளியே விழுவது இன்னொன்று. நீங்கள் 'அடுத்த' என்பதற்குப் 'போன' என்றது மூன்றாவது வகை. நேற்று, நாளை; இடது, வலது; மேலே, கீழே என்று எதிரெதிரான சொற்கள் மூளையில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒன்றைத் தட்டினால் மற்றதும் விழித்துக்கொள்ளும். சம்பந்தமில்லாத சொல் அநேகமாக வராது. நீங்கள் 'வாழைக்காய் வாரம் முடிச்சிருவேன்' என்று சொல்லவில்லை பாருங்கள்.

பேச்சில் ஒலி இடம் மாறுவதை நம் பழைய இலக்கணக்காரர்களும் கவனித்திருக்கிறார்கள். தசை சதையானது, சிவிறி விசிறியானது, ஞிமிறு மிஞிறானது எல்லாம் எழுத்து நிலைமாறுதல் என்ற பெயரில் உரைகளில் வருகின்றன. குதிரையைக் 'குருதை' என்று சொல்கிற பெரியவர்களை நீங்களும் கேட்டிருக்கலாம். மனித நாக்குக்கு வரிசையைப் புரட்டுகிற சுபாவம் உண்டு. சில நேரம் புரண்ட வடிவமே மொழியில் நிலைத்துவிடுகிறது.

நாம் சாதாரணமாகப் பேசும்போது நொடிக்கு இரண்டு மூன்று சொற்கள் என்ற வேகத்தில் எடுக்கிறோம். பல்லாயிரம் சொற்கள் அடுக்கியிருக்கும் கிடங்கிலிருந்து தேர்ந்தெடுத்து, ஒலியாக்கி, நாக்குக்கும் உதட்டுக்கும் கட்டளை அனுப்பி, போதாக்குறைக்கு வெளியே வருவதைச் சரிபார்க்கவும் செய்கிறோம். நெதர்லாந்தின் வில்லெம் லெவெல்ட் என்ற ஆய்வாளர் இந்த வேலையைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். முதலில் என்ன சொல்வது என்ற எண்ணம், அப்புறம் அதற்கான சொற்களும் இலக்கணமும், அதன்பின் ஒலி, கடைசியில் வாயசைவு. இத்தனை இருந்தும் ஆயிரம் சொற்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் பிழை விழுகிறது. அப்படியானால் ஒரு நாளில் பல ஆயிரம் சொற்கள் பேசுகிற எவருக்கும் தினமும் சில பிழைகள் வந்தே தீரும். உங்கள் மேனேஜருக்கும் வரும், எனக்கும் வரும். வித்தியாசம் ஒன்றுதான்: மற்றவர்கள் எண்ணுவதில்லை, நீங்கள் எண்ணத் தொடங்கிவிட்டீர்கள்.

வீட்டில் மூத்தவனைக் கூப்பிட நினைத்து இளையவன் பேரைச் சொல்லி, பிறகு நாய் பேரையும் சொல்லி, கடைசியில் சரியான பேருக்கு வருகிற அம்மாக்களைப் பார்த்திருப்பீர்கள். இதை டியூக் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டார்கள். மாற்றிச் சொல்லப்படுகிற பெயர் பெரும்பாலும் அதே உறவு வட்டத்துக்குள்ளேதான் இருக்கிறது, வீட்டு நாயும் அந்த வட்டத்தில் சேர்த்தி என்று அதில் தெரிந்தது. மறதி நோயின் அறிகுறியாக யாரும் இதைப் பார்ப்பதில்லை. பாசத்தோடு கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிறோம். மீட்டிங்கில் நடந்தால் மட்டும் ஏன் ஸ்கேன் வரை யோசனை போகிறது என்று யோசித்துப் பாருங்கள்.

இனி, பதற்றம் இதில் என்ன செய்கிறது என்ற உங்கள் உண்மையான கேள்வி. பதற்றத்தின் கை மூன்று இடங்களில் தெரிகிறது. அவற்றில் மூன்றாவதுதான் உங்களைப் பிடித்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலாவது, இடப் பற்றாக்குறை. பேசும்போது, சொல்லி முடிக்காத வாக்கியத்தை மனதில் பிடித்து வைத்திருக்க ஒரு சின்ன மேசை தேவை. தமிழில் இந்த மேசைக்கு வேலை அதிகம். வினை கடைசியில்தானே வருகிறது? 'நேத்து நான் அனுப்பின ரிப்போர்ட்டை அவர் பார்த்துட்டு உங்ககிட்ட...' என்று போகிறபோது, யார், யாருக்கு, மரியாதையா ஒருமையா என்பதையெல்லாம் கடைசி வரை தூக்கிக்கொண்டு போய் 'சொல்றேன்னாரு' என்று இறக்கி வைக்க வேண்டும். கவலையோ படமாக ஓடுவதைவிடச் சொற்களாகத்தான் அதிகம் ஓடும். 'என்ன நினைப்பாங்க', 'மறுபடி உளறிடுவேனோ' என்று உள்ளே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போது வெளிப்பேச்சுக்கு அந்த மேசையில் பாதி இடம்தான் மிஞ்சும். மைக்கேல் ஐசெங்க் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் பல வருடங்களாகச் சொல்லி வருவது இதைத்தான்: பதற்றம் அறிவைக் குறைப்பதில்லை, கையிருப்புக் கவனத்தைத் தின்றுவிடுகிறது. பெரிய அதிகாரியிடம் 'சார், நீ... நீங்க' என்று நாக்கு பிசகுவது இந்த மேசை தள்ளாடும்போதுதான்.

ஜார்ஜ் மால் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1950-களில் மனநல சிகிச்சை உரையாடல்களை ஒலிப்பதிவு செய்து, பேச்சு எங்கெங்கே குலைகிறது என்று பொறுமையாக எண்ணினார். பதற்றம் கூடும்போது கூடுவது எது என்று பார்த்தார். வாக்கியத்தைப் பாதியில் விடுவது, ஆரம்பித்ததை மாற்றி வேறு விதமாகத் தொடங்குவது, ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வது, சொல் விட்டுப்போவது, நாத்தவறு ஆகியவை கூடின. 'ஆ...', 'ம்...' என்று இழுப்பது அப்படிக் கூடவில்லை. நாம் எல்லோரும் 'ம்... அது வந்து...' என்பதைத்தான் பயத்தின் அடையாளம் என்று நினைத்து வெட்கப்படுகிறோம். உண்மையில் அது அடுத்த சொல்லுக்கு நேரம் கேட்கிற நல்ல கருவி. தயங்காமல் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, பயப்படுகிற விஷயமே சொல்லாக வந்து முன்னால் நிற்பது. 1970-களில் மைக்கேல் மோட்லி, பெர்னார்ட் பார்ஸ் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களை உட்கார வைத்து, கையில் ஒரு மின்கம்பியைக் கட்டி, எந்த நேரமும் ஷாக் அடிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். கம்பி வெறும் பாவனை, ஷாக் எதுவும் வராது. திரையில் சொல் ஜோடிகள் வேகமாக ஓடும், சில ஜோடிகளை உரக்கப் படிக்க வேண்டும். 'ஷேட் பாக்' என்ற அர்த்தமில்லாத ஜோடி வரும்போது 'பேட் ஷாக்' என்று, அதாவது மோசமான ஷாக் என்று, நாக்குப் புரள்வது அவர்களிடம் கூடியது. ஷாக் பயம் இல்லாமல் உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் குறிப்பிட்ட புரளல் அவ்வளவாக வரவில்லை. மனதில் சூடாக இருக்கிற சொல் வாசலுக்கு அருகில் நிற்கிறது, கொஞ்சம் இடம் கிடைத்தால் நுழைந்துவிடுகிறது. ஃப்ராய்ட் சொன்னது போல ஒவ்வொரு நாத்தவறுக்கும் அடியில் அடக்கி வைத்த ஆசை இருக்கிறது என்று இதை நீட்டத் தேவையில்லை. பெரும்பாலான பிழைகளுக்குப் பக்கத்து வீட்டுச் சொல் விழித்துக்கொண்டது என்ற எளிய காரணமே போதும். ஆனால் 'போன வாரமே முடிச்சிருக்கணுமே' என்ற உறுத்தலோடு நீங்கள் அந்த மீட்டிங்குக்குப் போயிருந்தால், 'போன' என்ற சொல் ஏன் முந்திக்கொண்டது என்று உங்களுக்கே புரியும்.

மூன்றாவது, காவல். ஒரு முறை எல்லோரும் சிரித்தபின், அடுத்த முறை வாய் திறக்கும்போதே நீங்கள் உங்கள் நாக்குக்குப் பின்னால் பிரம்போடு நிற்கிறீர்கள். பேச்சு என்பது மாடிப்படி இறங்குவது போல. காலைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு படியாக எண்ணி இறங்கினால்தான் தடுக்கும். தானாக ஓட வேண்டிய வேலையை ஒவ்வொரு கணமும் மேற்பார்வை செய்தால் ஓட்டம் கெடுகிறது. அதோடு, எதிரில் இருப்பவர் என்ன கேட்டார், முகம் எப்படி இருக்கிறது என்று போக வேண்டிய கவனம் முழுக்க உள்ளே திரும்பிவிடுகிறது. பேச்சைச் சரியாக நடத்துவதே எதிராளியின் முகம்தான். அதைப் பார்க்காதவருக்கு அடுத்து என்ன சொல்வது என்பதே தடுமாறும். டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1995-இல் சமூகப் பதற்றத்துக்கு, அதாவது பிறர் நம்மை என்ன நினைப்பார்களோ என்ற பயத்துக்கு, ஒரு விளக்கம் கொடுத்தார்கள். அதன் நடு அச்சே இந்தத் தன்னைத்தானே வேவு பார்க்கும் கவனம்தான்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். 'எல்லாச் சொல்லும் மாறுது மேடம்' என்று வந்தான். கைப்பேசியில் ரெக்கார்ட் போட்டு, படித்த ஊரைப் பற்றி மூன்று நிமிடம் பேசச் சொன்னேன். முடித்ததும் எத்தனை தப்பு வந்தது என்று கேட்டேன். 'குறைஞ்சது பதினஞ்சு' என்றான். பிறகு இருவரும் பென்சிலோடு உட்கார்ந்து அதைக் கேட்டோம். ஐந்து. அதில் இரண்டை அவன் நிறுத்திக் காட்டிய பிறகுதான் நான் கவனித்தேன், கேட்பதையே தொழிலாக வைத்திருக்கும் நான். ஆனால் ஒவ்வொரு தப்புக்கும் பின்னால் நடந்தது நீளமாக இருந்தது. நிறுத்துவான், 'சாரி' என்பான், மூச்சை இழுப்பான், வாக்கியத்தை முதலிலிருந்து ஆரம்பிப்பான், ஆரம்பித்த வேகத்தில் அடுத்த சொல்லில் இடறுவான். ஐந்து தப்புகளில் மூன்று, முந்தைய தப்பைத் திருத்தப் போய் விழுந்தவை.

இரண்டாவது முறை பேசும்போது ஒரே ஒரு விதி கொடுத்தேன். தப்பு வந்தால் தப்பான சொல்லை மட்டும் மாற்று, மேலே போ, 'சாரி' கிடையாது. 'நான் பிறந்தது திண்டுக்கல்... இல்ல, தேனி, அங்கதான் ஸ்கூல் படிச்சேன்' என்று அவன் பாட்டுக்குப் போனான். மறுபடி நான்கு தப்புகள் வந்தன. ரெக்கார்டைக் கேட்டபோது அவனுக்கே இரண்டுதான் காதில் விழுந்தன. எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை, குறைந்தது அவற்றைச் சுற்றியிருந்த புகைமூட்டம். அது அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

நம் பயம் நமக்குத் தெரிகிற அளவு வெளியே தெரிவதில்லை. தாமஸ் கிலோவிச், கென்னத் சவிட்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசப் போகும் மாணவர்களில் ஒரு பிரிவினரிடம் இந்த உண்மையை முன்கூட்டியே விளக்கிச் சொன்னார்கள். விஷயம் தெரிந்து போனவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள், கேட்டவர்களும் அப்படியே மதிப்பிட்டார்கள். மருந்தில்லை, பயிற்சியில்லை, ஒரு தகவல் மட்டும். எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. என்னிடம் வரும் எல்லோருக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

உடம்பின் பங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் எச்சில் வற்றுகிறது, நாக்கு அண்ணத்தில் ஒட்டுகிறது, மூச்சு மேல் மார்போடு நின்றுவிடுகிறது. அரை மூச்சில் நீளமான வாக்கியத்தை முடிக்கப் பார்த்தால் கடைசிச் சொற்களை விழுங்கித்தான் ஆக வேண்டும். அதனால் மீட்டிங்குக்கு முன் நான் சொல்லிக்கொடுப்பது மிக எளியது. ரெண்டு மடக்குத் தண்ணீர். மூச்சை இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கும்படி நாலைந்து முறை. முதல் வாக்கியத்தை மட்டும் மனப்பாடமாகத் தயார் செய்து வைத்துக்கொள்வது, அதையும் வழக்கத்தைவிட மெதுவாகச் சொல்வது. முதல் வாக்கியம் நிதானமாகப் போனால் அடுத்தவை அந்த வேகத்தையே பிடித்துக்கொள்ளும். முழுப் பேச்சையும் மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு சொல் விட்டுப்போனால் மொத்தமும் சரிந்துவிடும். வாக்கியங்களைச் சின்னதாக உடையுங்கள். 'ரிப்போர்ட் ரெடி. நேத்து அனுப்பிட்டேன். அவர் பார்த்துட்டு சொல்றேன்னார்.' மேசையில் ஒரு நேரத்தில் ஒரு சாமான்தான் இருக்கும்.

ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறி மாறிப் பேசுகிற வேலை என்றால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு மொழி பேசுகிறவர்களுக்கு எந்த மொழியில் பேசினாலும் மற்றதும் உள்ளே விழித்தேதான் இருக்கும். சொல் தொண்டை வரை வந்து வாயில் வராமல் நிற்பது அவர்களுக்கு ஒரு மொழிக்காரர்களைவிட அதிகம். நாள் முழுக்க ஆங்கிலத்தில் பேசிவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் 'சாவியில கதவை' என்றால், அது களைத்த ஆளின் இயல்பான பிழை. அம்மாவிடம் வந்தபோது நீங்கள் பதறவும் இல்லையே? பிழைக்கும் பதற்றத்துக்கும் எப்போதும் தொடர்பு இருந்தே ஆக வேண்டும் என்றில்லை. தூக்கம் குறைந்தாலே இது கூடும்.

தூக்கம் என்றதும் நான் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை இங்கேயும் கேட்கிறேன். கடந்த நாலு மாதத்தில் ஏதாவது மருந்து புதிதாக ஆரம்பித்தீர்களா? ஒற்றைத் தலைவலிக்கும் வலிப்புக்கும் கொடுக்கிற டோபிரமேட் சிலருக்குச் சொல் கிடைக்காத தடுமாற்றத்தைக் கொண்டுவரும், இது நன்றாகத் தெரிந்த பக்க விளைவு. தூக்க மாத்திரைகள், பதற்றத்துக்கே கொடுக்கிற அல்பிரசோலாம் வகை மாத்திரைகள், சளிக்கும் அரிப்புக்கும் போடுகிற மயக்கம் தரும் மாத்திரைகள் எல்லாம் மூளையை மந்தப்படுத்தும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள். தைராய்டு, பி12, ரத்தசோகை மூன்றுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டால் அந்தச் சந்தேகமும் தீரும். ஒற்றைத் தலைவலி வருகிறவர்களில் சிலருக்கு வலிக்கு முன்னால் சில நிமிடங்கள் பேச்சு பிசகும். அது முதல் முறை வரும்போது டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

மேடைப் பயத்துக்கு ப்ரோப்ரனலால் போட்டால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்லியிருக்கலாம். அது கை நடுக்கத்தையும் நெஞ்சுப் படபடப்பையும் குறைக்கும். சொல் மாறுவதைக் குறைக்கிற மருந்து இல்லை. ஆஸ்துமா இருப்பவர்களுக்கு ஆபத்தும் கூட. கடையில் நேரே கேட்டு வாங்காதீர்கள்.

திக்குவாயையும் இதோடு குழப்ப வேண்டாம். திக்குகிறவருக்குச் சொல் தெளிவாகத் தெரியும், ஒலிதான் அடைத்துக்கொள்ளும். அது பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து வயதுக்குள் தொடங்குவது, பயத்தால் வருவதில்லை, பயம் அதைக் கூட்டும் அவ்வளவுதான். அதற்கான பயிற்சி வேறு.

இனி நீங்கள் நாளை முதல் செய்யக்கூடியது. இணையத்தில் அறிகுறி தேடுவதை நிறுத்துங்கள். இதைக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஒவ்வொரு தேடலும் அடுத்த நாள் காவலை இன்னும் இறுக்குகிறது. பேச்சைத் தவிர்க்காதீர்கள். மீட்டிங்கில் வாயை மூடிக்கொண்டு வந்தால் அன்றைக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் 'பேசாததால்தான் தப்பித்தேன்' என்று மூளை கணக்கு எழுதிக்கொள்ளும். அதற்குப் பதிலாகச் சின்னதாக ஆரம்பியுங்கள். அடுத்த மீட்டிங்கில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். கேட்கும்போது உங்கள் நாக்கைக் கவனிக்காமல், பதில் சொல்கிறவரின் முகத்தையும் அவர் என்ன சொல்கிறார் என்பதையும் கவனியுங்கள். வெளியே வந்ததும் அவர் சொன்ன பதிலை ரெண்டு வரியில் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் உங்கள் கவனம் சரியான இடத்தில் இருந்திருக்கிறது.

அந்தப் பையனுக்குச் செய்தது போலக் கைப்பேசியில் மூன்று நிமிடம் பதிவு செய்து, கேட்பதற்கு முன் எத்தனை தப்பு என்று எழுதி வைத்து, பிறகு கேட்டு எண்ணுங்கள். வாரத்துக்கு ஒரு முறை போதும், தினமும் செய்தால் அதுவே காவலாகிவிடும். 'யார் தைத்த சட்டை, தாத்தா தைத்த சட்டை' போன்ற நாப்பிறழ் வரிகளைச் சொல்லிப் பழகலாமா என்று கேட்பார்கள். உச்சரிப்புக்கு நல்லது, குழந்தைகளோடு சேர்ந்து சொன்னால் சந்தோஷமும் கூட. ஆனால் உங்கள் சிக்கல் நாக்கின் வேகத்தில் இல்லை, அதனால் அதில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

ஏற்கனவே சிரித்தவர்களை என்ன செய்வது? அவர்களில் ஒருவரிடமாவது, நீங்கள் வசதியாகப் பேசக்கூடியவரிடம், 'அன்னைக்கு நான் வாய் தவறிச் சொன்னேனே, அதுக்கப்புறம் பேசவே கூச்சமா இருக்கு' என்று நேராகச் சொல்லிப் பாருங்கள். என்னிடம் வந்தவர்கள் பலர் இதைச் செய்துவிட்டுத் திரும்பி வந்து சொல்வது ஒன்றுதான்: அவருக்கு அந்தச் சம்பவமே நினைவில்லை. நாலு மாதம் நீங்கள் சுமந்ததை எதிராளி அன்று சாயங்காலமே மறந்திருப்பார்.

பதற்றம் மீட்டிங்கோடு நிற்காமல் தூக்கம், சாப்பாடு, வெளியே போவது என்று பரவியிருந்தால், அல்லது மேலே சொன்னதை எல்லாம் ஒரு மாதம் முயன்றும் காவல் தளரவில்லை என்றால், மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். சமூகப் பதற்றத்துக்குப் பலன் தரும் பேச்சு சிகிச்சை இருக்கிறது, அதில் மேலே சொன்ன வேவுக் கவனத்தைத்தான் நேரடியாக மாற்றுகிறார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். அங்கே பேசும்போதும் ஒரு சொல் மாறி வரலாம். அந்தச் சொல்லை மட்டும் திருத்திவிட்டுத் தொடர்ந்து பேசுங்கள்.